அமீனா இல்லாத டிக்ரியா சர்வதேசச் சட்டம்?

ஜூன் 12, 2025. கேள்வி

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்கிறார்:

"ஐயா, வகுப்பில் சர்வதேசச் சட்டம் நடத்துகிறார்கள். எனக்குப் படிக்கவே மனம் ஒப்பவில்லை. மீறினவனைப் பிடிக்கப் போலீஸ் வேண்டும், தண்டிக்கக் கோர்ட் வேண்டும். இரண்டும் இல்லாததற்குச் சட்டம் என்று பெயர் வைத்தால் ஆயிற்றா? வல்லவன் வகுத்ததே வாய்க்கால். முள்ளிவாய்க்காலில் அந்தச் சட்டம் எங்கே போயிருந்தது?"

ஜூன் 12, இரவு

தம்பி, மேட்டூர் திறந்த நாளில் வாய்க்காலைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். நான் வக்கீல் இல்லை. முப்பத்தோரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைமடையில் இரண்டரை ஏக்கர் இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

நீ சொல்வதை 1832-லேயே ஆஸ்டின் என்ற ஆங்கிலேயர் சொல்லிவிட்டார். மேலே ஒரு இறையாண்மை, அது இடுகிற கட்டளை, மீறினால் தண்டனை. இதுதான் சட்டம். நாடுகளுக்கு மேலே அப்படி ஒருவரும் இல்லாததால், அவற்றுக்கிடையே இருப்பது ஒருவகை ஒழுக்கநெறி மட்டுமே என்றார்.

சரி, அந்த அளவுகோலைக் காவிரியில் வைத்துப் பார். இங்கே அரசமைப்பு உண்டு, உச்ச நீதிமன்றம் உண்டு, போலீஸ் உண்டு, ராணுவமே உண்டு. 1991 ஜூன் 25-ல் நடுவர் மன்றம் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. ஒரு மாதத்துக்குள் கர்நாடகம் அவசரச் சட்டம் கொண்டுவந்து அதை ஒதுக்கப் பார்த்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் நவம்பரில் கருத்துச் சொன்னது. 2007-ல் இறுதித் தீர்ப்பு வந்தது. அது அரசிதழில் ஏற 2013 ஆயிற்று. 2016 செப்டம்பரில் வினாடிக்கு 15,000 கன அடி விடு என்றது உச்ச நீதிமன்றம்; அதே மாதம் 23-ஆம் தேதி, இருக்கும் தண்ணீர் குடிப்பதற்கு மட்டும்தான் என்று கர்நாடகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அந்த வருடங்களில் எங்கள் நாற்றங்கால் காய்ந்தது. ஆனால், "ஆகவே இந்திய அரசமைப்பு சட்டமே இல்லை" என்று டெல்டாவில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. மீறினார்கள் என்றுதான் சொன்னோம். சட்டம் இருந்தால்தானே மீற முடியும்?

மறுபக்கத்தையும் பார். வங்காள விரிகுடாவில் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் கடல் எல்லைத் தகராறு. 2014 ஜூலை 7-ல் ஹேக் நகரத்து நடுவர் மன்றம் தீர்ப்புச் சொன்னது. தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 வங்கதேசத்துக்கு. ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு! இந்தியாவைவிடச் சிறிய நாடு. இந்தியாவை அடக்க எந்தப் போலீசும் அங்கே நிற்கவில்லை. இந்தியா ஏற்றுக்கொண்டது. போலீஸ் இருந்த இடத்தில் தண்ணீர் வரவில்லை. போலீஸ் இல்லாத இடத்தில் கடல் கைமாறியது. உன் அளவுகோல் எங்கோ கோணியிருக்கிறது, தம்பி.

ஜூன் 13

ஒரு சேர்க்கை. இப்போது நமக்குரியது எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். 2007 தீர்ப்பில் எல்லையில் 192 டி.எம்.சி.; 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. அந்தத் தீர்ப்பை எழுதும்போது நீதிபதிகள் 1966-ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி விதிகளையும் எடுத்துப் பார்த்தார்கள். பல நாடுகளில் ஓடும் நதிகளை நியாயமாகப் பங்கிட வகுக்கப்பட்ட விதிகள் அவை. எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தாத விதிகள். அவற்றின் நிழல் இன்று என் வயலில் விழுகிறது.

ஜூன் 15

கல்லணை திறந்துவிட்டார்கள். இங்கே வந்து சேர இன்னும் நாளாகும். அதற்குள் என் வீட்டுக் கதை ஒன்று.

எங்கள் வயலுக்குத் தண்ணீர், மேல்மடைக்காரர் ஒருவரின் நிலத்தோரமாக வரும் கன்னி வாய்க்காலில்தான் வரவேண்டும். அவர் அடைத்தார். அப்பா வழக்குப் போட்டார். 1993-ல் டிக்ரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, கிடைத்தது: வாய்க்கால் பாத்தியதை உண்டு, அடைக்கக் கூடாது. அன்று அப்பா வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னார்.

அடைப்பு நிற்கவில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 21-ஆவது கட்டளை, 32-ஆவது விதி. தடையுத்தரவை மீறினால் சொத்தை ஜப்தி செய்யலாம், சிவில் சிறையிலும் வைக்கலாம். நானே கையால் எழுதி நிறைவேற்று மனு தாக்கல் செய்தேன். வாய்தா மேல் வாய்தா. பதினோரு வருடம். கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரவேண்டிய அமீனா ஒருமுறைகூட எங்கள் வரப்பில் கால் வைக்கவில்லை.

ஆனால் ஒன்றை அந்தப் பதினோரு வருடமும் கவனித்தேன். டிக்ரிக்கு முன்னால் அவர் பட்டப்பகலில், ஆள் வைத்து அடைத்தார். டிக்ரிக்குப் பிறகு இரவில்தான் வந்தார். வைக்கோலும் சேறும் கலந்து அடைப்பார்; விடிந்து நான் போய்க் கேட்டால், "எலி வளை விழுந்தது, அதை அடைத்தேன்" என்பார். "மாடு மிதித்துவிட்டது" என்பார். "உன் டிக்ரி என்னைக் கட்டாது" என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வாய் வரவில்லை. அந்தக் காகிதம் அவரைத் தடுக்கவில்லை; ஆனால் பகலில் செய்ததை இரவில் செய்யவைத்தது, காரணம் தேடவைத்தது.

நாடுகளும் இதைத்தான் செய்கின்றன. படை அனுப்புகிற எந்த அரசும், சட்டம் எனக்கு இல்லை என்று அறிவித்துவிட்டு அனுப்புவதில்லை. தற்காப்பு என்று சொல்லி, ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 51-ஆவது பிரிவைக் காட்டுகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் நுழைந்தபோது ரஷ்யாவும் அதே பிரிவைத்தான் காட்டியது. அதுவும் எலி வளைதான்.

ஜூன் 16

மேலே எழுதியதை நானே கண்டுபிடித்ததாக நினைத்திருந்தேன். பழைய சீனியர் போனில் கூப்பிட்டு, "இதை 1986-லேயே சர்வதேச நீதிமன்றம் சொல்லிவிட்டதே" என்றார். நிகராகுவா அமெரிக்கா மேல் போட்ட வழக்கு. விதியை மீறும் நாடு ஏதாவது விதிவிலக்கைக் காட்டித் தன்னை நியாயப்படுத்தினால், அதனால் விதி தளரவில்லை, உறுதிப்படுகிறது என்ற கருத்து அதில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், சரிதான். அதே வழக்கில் அமெரிக்கா தோற்றது. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லும் தீர்மானம் பாதுகாப்பு அவைக்கு வந்தபோது தன் வீட்டோவால் தானே தடுத்தது. 1991-ல் நிகராகுவா வழக்கைக் கைவிட்டது. இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும், தம்பி.

ஜூன் 19

கோடியக்கரையிலிருந்து ஒரு விசைப்படகு அண்ணன் எழுதியிருக்கிறார்: "எல்லை தாண்டினோம் என்று பிடிக்கிறார்கள், ஜெயிலில் போடுகிறார்கள், படகை நாட்டுடைமை ஆக்குகிறார்கள். நீங்கள் சொல்லும் சட்டம் எங்களுக்குக் கை கொடுக்குமா?"

கொடுக்க வேண்டும், அண்ணா. 1982-ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கை, 73-ஆவது பிரிவு: அந்நிய நாட்டின் பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, மீன்வளம் அந்த நாட்டுக்கே உரிய கடல்) மீன்பிடி விதியை மீறினவரை, இரு நாடுகளும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய, சிறையில் அடைக்கக் கூடாது. நியாயமான பிணைத்தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் உடனே விட வேண்டும். இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்டு உறுதி செய்த உடன்படிக்கை இது. எழுத்து நம் பக்கம் இருக்கிறது.

ஜூன் 20, காலை

நேற்று எழுதியதில் பெரிய பிழை. தூக்கம் வரவில்லை, எழுந்து திருத்துகிறேன்.

73-ஆவது பிரிவு பொருளாதார மண்டலத்துக்கு மட்டும்தான். பாக் நீரிணையைத் தன் வரலாற்று நீர்ப்பரப்பு என்றும், அதனால் உள்நாட்டு நீர் என்றும் இலங்கை 1977-லேயே அறிவித்துவிட்டது. 1974 ஒப்பந்தம் கோடு கிழித்த இடமும் அதுதான். அங்கே பிடிபட்டவருக்கு, இலங்கையின் வாதப்படி, 73-ஆவது பிரிவு பொருந்தாது. கோடியக்கரையைத் தாண்டி வடகிழக்கே வங்காள விரிகுடாவுக்குள் போனால் 1976 ஒப்பந்தத்தின் கோடு வருகிறது. அங்கே, இலங்கைக் கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைலுக்கு வெளியே பிடிபட்டால் பேச இடம் உண்டு. ஆகவே எந்த இடத்தில் பிடித்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. அண்ணா, படகில் உள்ள ஜி.பி.எஸ். பதிவை அழித்துவிடாதீர்கள்.

1974 ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவில் நம் மீனவரும் பக்தரும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்றும், 6-ஆவது பிரிவில் படகுகள் பாரம்பரிய உரிமைகளை அனுபவிக்கலாம் என்றும் இருக்கிறது. மீன் பிடிக்கும் உரிமையும் அதில் அடங்கும் என்பது நம் வாதம். ஆனால் 1976-ல் பரிமாறப்பட்ட கடிதங்களில் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். எந்தக் குப்பத்தையும் கேட்காமல் எழுதியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கரையில் இழுவைமடியால் வலை அறுபடுகிறவர்களும் போரில் எல்லாம் இழந்து மீண்டும் கடலுக்கு வந்த தமிழர்கள்தான். 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டமிட்டுத் தடுத்தபோது அந்த மீனவர்கள் வரவேற்றார்கள். நம் எழுத்து வலுவாக இருக்கும் இடத்தில் சட்டம் பேசிவிட்டு, அவர்கள் எழுத்து வலுவாக இருக்கும் இடத்தில் வயிற்றுப்பாடு மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இதற்கு வசவு வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஜூன் 24

வசவு வந்தது. பதில் இல்லை.

வேறொருவர், "சாதாரண மனிதனுக்கு இந்தச் சட்டம் எங்காவது உதவியதா?" என்கிறார். எனக்கே உதவியது. 2023-ல் சிங்கப்பூரில் மகன் வீட்டிலிருந்து திருச்சிக்குத் திரும்பினேன், பெட்டி வரவில்லை. விமான நிறுவனம் (பெயர் வேண்டாம்) இழுத்தடித்தது. 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையை ஒரு பக்கத்தில் எடுத்தெழுதி அனுப்பினேன்: இருபத்தொரு நாள் கடந்தால் பெட்டி தொலைந்ததாகவே கொள்ளலாம், இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இன்னது என்று. பன்னிரண்டாம் நாள் பணம் வந்தது. நீ அனுப்பும் தபால் வெளிநாட்டில் போய்ச் சேருவதும், விமானம் பத்து நாடுகளின் வானத்தைக் கடப்பதும் இப்படிப்பட்ட உடன்படிக்கைகளால்தான். ஒழுங்காக நடப்பது செய்தியாவதில்லை, அதனால் கண்ணில் படுவதில்லை. பாயும் வாய்க்காலைப் பற்றி யாரும் மனு எழுதுவதில்லை.

ஜூன் 29

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். ஒரே வரி: "முள்ளிவாய்க்காலுக்கு மட்டும் பதில் வரவில்லை, ஐயா."

பெட்டிக் கதையைச் சொல்லிவிட்டு இதைத் தள்ளிப்போட்டது தவறு. மன்னித்துக்கொள்.

2009-ல் அந்தக் கடற்கரைக்கும் நம் கரைக்கும் இடையே எவ்வளவு தூரம்? செய்தி கேட்டுக்கொண்டு ஊரே உட்கார்ந்திருந்தது. கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக் கூடும் என்று ஐ.நா. பொதுச் செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் அறிக்கை தந்தது. தன் கடமையில் தவறியதை ஐ.நா.வின் உள் ஆய்வே 2012-ல் ஒப்புக்கொண்டது. போரில் பங்கெடுக்காதவரைக் கொல்லக் கூடாது, காயம்பட்டவரைப் பராமரிக்க வேண்டும் என்ற ஜெனீவா விதிகளை இலங்கையும் ஏற்றிருந்தது. "பொதுமக்கள் இழப்பே இல்லாத மீட்பு நடவடிக்கை" என்று அவர்களும் காரணம் சொன்னார்கள். காரணம் சொல்வதே சட்டம் இருப்பதற்குச் சாட்சி என்று ஜூன் 15-ல் எழுதினேனே, அதை இங்கே வைத்துப் படித்தால் எனக்கே கூசுகிறது. என் மேல்மடைக்காரர் இரவில் வந்ததால் எனக்கு ஒருபோகம் போயிற்று. இங்கே போனது உயிர்கள்.

ஆனாலும் உன் முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. ஏன் என்று இரண்டு நாளாக யோசித்தபோது வெண்மணி நினைவுக்கு வந்தது. 1968 டிசம்பர் 25, இதே கீழத்தஞ்சை. கூலி கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 44 பேர் ஒரே குடிசையில் எரிந்தார்கள். கீழ் நீதிமன்றம் பண்ணையாரைத் தண்டித்தது. உயர் நீதிமன்றம் விடுவித்தது. போலீஸ், சிறை, கோர்ட் எல்லாம் நீ கேட்டபடியே இருந்தன. அதற்காக, கொலை குற்றமே இல்லை என்று அந்த மக்கள் முடிவு கட்டவில்லை. நீதி தவறிவிட்டது என்றார்கள். இன்றுவரை ஆண்டுதோறும் அங்கே கூடி அதையே சொல்கிறார்கள். சட்டம் இல்லை என்று சொல்லிவிட்டால், நடந்தது குற்றம் என்று சொல்ல எதைப் பிடித்துக்கொள்வது?

ஜூலை 2

மேலே எழுதியது பாதிதான். எது குறைகிறது என்று இப்போது பிடிபடுகிறது.

திருவாரூர்க்காரர்களுக்கு மனுநீதிச் சோழன் கதை சொல்ல வேண்டியதில்லை. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை இழுத்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். ஆஸ்டின் கணக்குப்படி அரசனுக்கு மேலே கட்டளையிட ஆளில்லை, ஆகவே அரசனைச் சட்டம் கட்டாது. நம் ஊர்க் கதை நேர் எதிர். சிறுவயதிலிருந்து அரசனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டியது மணியை. அது பசுவுக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது.

ஹேக் நகரத்து மணி அப்படித் தொங்கவில்லை. சர்வதேச நீதிமன்றத்தின் விதி 34: அரசுகள் மட்டுமே வழக்காட முடியும். பசு இழுக்க முடியாது. இன்னொரு அரசன்தான் இழுக்க வேண்டும். அதுவும் எதிர்த்தரப்பு அரசன், "என்மேல் மணி அடிக்கலாம்" என்று ஏதோ ஒரு வகையில் முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கச்சத்தீவை ஹேக்குக்குக் கொண்டுபோ என்று மேடையில் பேசுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகளில் இந்த நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்கமாட்டோம் என்று இந்தியாவே 1974-ல் எழுதிக்கொடுத்திருக்கிறது, 2019-ல் புதுப்பித்தபோதும் அதை விடவில்லை. 1999-ல் பாகிஸ்தான் போட்ட வழக்கு 2000-ல் அந்த வரியால்தான் தள்ளுபடியானது. இலங்கையும் காமன்வெல்த் நாடு.

மணியே இல்லை என்று சொல்லவில்லை. 2019 நவம்பரில் ஆப்பிரிக்காவின் சிறிய நாடான காம்பியா, ரோஹிங்கியா மக்களுக்காக மியான்மர்மேல் வழக்குப் போட்டது. தன் குடிமக்கள் ஒருவரும் சாகாத நாடு! இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்ட எந்த நாடும் கேட்கலாம் என்பது அதன் வாதம். 2020 ஜனவரியில் நீதிபதிகள் ஒருமனதாக இடைக்கால உத்தரவு போட்டார்கள். இலங்கை 1950-லேயே அதே உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. அதன்மேல் அந்தக் கயிற்றை இதுவரை ஓர் அரசும் இழுக்கவில்லை. தம்பி, உன் கோபத்தை இந்த இடத்தில் வை. போலீஸ் இல்லை என்பதில் வைக்காதே.

ஜூலை 4

சிந்து நதி பற்றிக் கேட்கிறார்கள். இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட 1960 ஒப்பந்தம் மூன்று போர்களைத் தாண்டி நின்றது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்திவைத்தது. அப்போதும் சட்டக் காரணங்களை எழுதித்தான் அறிவித்தது. பயங்கரவாதத்தின்மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனாலும் கடைமடைக்காரனாக, மேல்மடை ஷட்டரை வைத்துக் கணக்குத் தீர்ப்பதைக் கைதட்டி வரவேற்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை 5

நாகப்பட்டினத்து ஆசிரியர் ஒருவர் நினைவூட்டினார்: சுமத்ராவையும் கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் நாகையில் கட்டிய சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலத்து வருவாயைக் கொடுத்தான். 1025-ல் அவன் மகன் இராசேந்திரன் அதே ஸ்ரீவிஜயத்தின்மேல் கப்பற்படை அனுப்பினான். பிறகு 1090 வாக்கில் முதலாம் குலோத்துங்கன் கடாரத்துத் தூதர்கள் கேட்டதன்பேரில் அந்தக் கொடையை மறுபடி உறுதி செய்து செப்பேடு வெட்டினான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை இவைதாம். இடையில் ஒரு போரே நடந்தும், பழைய செப்பேட்டைக் காட்டிப் பேச வந்தவர்களும் கேட்க ஒருவரும் இருந்திருக்கிறார்கள். ஐயாவுக்கு நன்றி.

ஜூலை 11

"உங்கள் கன்னி வாய்க்கால் கடைசியில் என்ன ஆயிற்று?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தம்பியும் கேட்டார்.

அமீனா கடைசிவரை வரவில்லை. அப்பா 2004-ல் இறந்தார். இரண்டு வருடம் கழித்து மேல்மடைக்காரர் நிலத்தை விற்றார். வாங்க வந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர். கிரயத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, "ஏதோ டிக்ரி இருக்கிறதாமே, பார்க்கலாமா?" என்றார். நகல் எடுத்துக் கொடுத்தேன். திண்ணையிலேயே உட்கார்ந்து முழுவதும் படித்தார். கிரயம் முடிந்த மறுவாரம், நான் கேட்காமலே, வரப்புக்குக் குறுக்கே ஒன்பது அங்குல சிமெண்ட் குழாய் பதித்துக் கொடுத்தார்.

நேற்று மாலை அந்தக் குழாய் வழியாகத்தான் தண்ணீர் வந்தது.